டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுக்கலாமா, வேண்டாமா? மலையில் வசிக்கும் ஆண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்கள் "உடம்பு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லும்போது முதலில் குளிரைக் குறை சொல்வார்கள், அப்புறம் வயதை. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு. செல்போனில் வரும் விளம்பரங்கள் போதாதென்று, கோயம்புத்தூர் ஜிம்முக்குப் போய்வரும் பையன்களும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான் குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியதும் கவுன்டரிலேயே குரலைத் தாழ்த்தி, "தம்பி, இதுக்கு ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் டாக்டரிடம் போய் உட்காருவதற்கு முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். இங்கே எழுதியிருப்பது அந்த வரிசைதான். என் கணக்கில், ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்று கேட்பவர்கள் பலர். ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள் சிலர். அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்டாமல் யாரும் ஊசிக்குப் போகக்கூடாது.

திருநம்பிகள் எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோனுக்கு முடிவெடுக்கும் முறை வேறு. ஆனால் கீழே பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பற்றிச் சொல்லியிருப்பது அவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: உங்கள் தொந்தரவு எது என்று பிரித்துப் பாருங்கள்

சோர்வு, எரிச்சல், தூக்கக் குறைவு, தொப்பை, மறதி. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் இவையெல்லாம் வரலாம். கடன் இருந்தாலும் வரும். தேயிலைக்கு விலை விழுந்தாலும் வரும். அதனால் இவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

2010-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு இதை நன்றாகவே பிரித்துக் காட்டியது. 40 முதல் 79 வயது வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்ததில், ஹார்மோன் குறைவோடு உறுதியாக ஒட்டிவந்த அறிகுறிகள் மூன்றுதான்: காலையில் எழும்போது இயல்பாக வரும் விறைப்பு குறைவது, தாம்பத்திய ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு சரியாக வராமல் போவது. இந்த மூன்றும் சேர்ந்து, ரத்தத்திலும் அளவு குறைவாக இருந்தவர்கள் 100-க்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். விளம்பரம் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் குறை இருப்பதுபோலத் தோன்றும்.

இவை தவிர வேறு சில அடையாளங்கள் இன்னும் வலுவானவை. ஷேவ் செய்யும் தேவை குறைந்துகொண்டே வருவது, அக்குள் முடி உதிர்வது, மார்பு வீங்கி வலிப்பது, விரைகள் சிறுத்துப்போவது, லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிவது, குழந்தைப்பேறு தள்ளிப்போவது. இவற்றில் ஏதாவது இருந்தால் வயது இருபத்தைந்து ஆனாலும் யோசிக்காமல் பரிசோதனைக்குப் போங்கள்.

ஆசை அப்படியே இருக்கிறது, விறைப்பு மட்டும் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் ரத்தக்குழாய், நரம்பு, மனக்கவலை சம்பந்தப்பட்டது. அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் மெல்லியவை. இதயத்தின் குழாய்கள் தொந்தரவு கொடுக்கச் சில வருடங்கள் முன்பே இவை அடைபட ஆரம்பிப்பது உண்டு. அதனால் அப்படிப்பட்டவர் முதலில் பார்க்க வேண்டியது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு. டெஸ்டோஸ்டிரோன் அதற்குப் பிறகுதான்.

படி 2: அதே வேஷம் போடும் மற்ற நோய்களை விலக்குங்கள்

தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு. இவை ஐந்தும் இதே முகத்தோடுதான் வரும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்த அணுக்களுக்கு சிபிசி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, ஈரல், சிறுநீரக அளவுகள் எல்லாம் சாதாரணப் பரிசோதனைகள். மலையில் எங்கும் செய்துகொள்ளலாம். மனச்சோர்வைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மழை, மூடுபனி என்று மாதக்கணக்கில் வெயில் முகம் பார்க்காத ஊரில் அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகைக் காரணங்கள் உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பவை, ஆனால் சரிசெய்யக் கூடியவை. உடல் பருமன் முதலிடம். எடை குறைந்தால் அளவு தானாக ஏறும். மருந்து எதுவும் தேவையில்லாமல் போனவர்கள் உண்டு. பெரிதாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இன்னொன்று. இது இருப்பது நமக்கே தெரியாது, வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும். தினசரிக் குடி. முதுகுவலிக்கு மாதக்கணக்கில் டிரமடால் போன்ற வலி மாத்திரை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை. "ஒரு வாரத்தில் வலி போகும்" என்று பொட்டலம் கட்டித் தரும் பொடிகளிலும் சில சமயம் அதே ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஜிம் பையன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொண்டு, நிறுத்தியபின் சோர்ந்துபோய் வருகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். ஊசியை விட்டபின் அது மறுபடி தொடங்கப் பல மாதங்கள் ஆகலாம். இந்தக் கதையை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

படி 3: ரத்தம் கொடுக்கும் நேரம்

எங்கள் தொழிலில் அதிகம் கெட்டுப்போவது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும். பொழுது ஏற ஏற இறங்கும். இளைஞர்களுக்கு இந்த இறக்கம் அதிகம். ஆகவே காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பாடும் சர்க்கரையும் அளவைத் தற்காலிகமாக இறக்கும். இங்கே எழுந்ததும் ஒரு டம்ளர் டீ குடிக்காமல் யாராலும் வாசலைத் தாண்ட முடியாது என்பது தெரியும். அன்று ஒரு நாள் வெறும் தண்ணீர்தான், வேறு வழியில்லை. கீழ்க்கோத்தகிரியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து 11 மணிக்குக் கை நீட்டுபவரின் ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்தால் அதை நம்பக்கூடாது. முந்தின நாள் இரவே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள், அல்லது ஊருக்குப் பக்கத்தில் சாம்பிள் எடுக்கும் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சாம்பிள் கோயம்புத்தூருக்குப் போய் ரிசல்ட் வந்தாலும் பரவாயில்லை. ரத்தம் எடுத்த நேரம்தான் முக்கியம்.

தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது சிக்கல். பச்சைத்தேயிலை வரத்து அதிகமான மாதங்களில் இரவெல்லாம் மெஷின் ஓடும். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்து நேராக லேபுக்கு வந்தால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை. சில நாள் லீவு போட்டு, இரவில் ஒழுங்காகத் தூங்கி எழுந்தபின் கொடுங்கள்.

காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ஆபரேஷன், கடுமையான பட்டினி டயட் எல்லாம் அளவைச் சரித்துவிடும். உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்; சில மெஷின்களில் அது அளவைத் தப்பாகக் காட்ட வைக்கும்.

ஒரு முறை குறைவாக வந்தால் அது முடிவல்ல. வேறொரு நாள், அதே காலை நேரத்தில், முடிந்தால் அதே லேபில் இரண்டாவது முறை பார்க்க வேண்டும். முதல் முறை குறைவாக வந்து இரண்டாம் முறை சரியாக வருபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஊசி எழுதிக் கொடுத்தால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வருவது நல்லது.

படி 4: எண்ணைப் படிப்பது

அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்கிறது. அதே ஆண்டில் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி, பருமன் இல்லாத இளம் ஆண்களின் அளவுகளை வைத்து, 264-ஐக் கீழ் எல்லையாகச் சொன்னது. லேபுக்கு லேப் எல்லை கொஞ்சம் மாறும். வெளிநாட்டுக் கட்டுரைகளில் நானோமோல் கணக்கில் இருந்தால் 28.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

290-க்கும் 310-க்கும் உடம்பில் எந்த வித்தியாசமும் இல்லை. 150 என்றால் விஷயம் வேறு. நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்காக இன்னொரு பரிசோதனை இருக்கிறது. ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் எஸ்ஹெச்பிஜி என்ற புரதம் பருமன் உள்ளவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் குறையும். வயதானால், ஈரல் நோய் வந்தால், தைராய்டு அதிகமானால் கூடும். தொப்பையுள்ள ஒருவருக்கு மொத்த அளவு 270 என்று வரலாம், ஆனால் ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். அவருக்கு ஹார்மோன் குறைவு இல்லை, தொப்பைதான் பிரச்சினை. ஃப்ரீ அளவை மொத்த அளவு, எஸ்ஹெச்பிஜி, ஆல்புமின் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது நம்பகமானது. மெஷினில் நேரடியாக அளக்கும் மலிவான ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் அவ்வளவு நம்பகமில்லை. லேபில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

படி 5: ஏன் குறைந்தது?

இரண்டு காலை ரிப்போர்ட்டும் குறைவு, அறிகுறியும் இருக்கிறது. இப்போது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் பார்க்க வேண்டும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இவற்றின் மூலம்தான் விரைகளுக்கு உத்தரவு போடுகிறது.

இவை அதிகமாக இருந்தால், உத்தரவு போகிறது, விரைகளால் வேலை செய்ய முடியவில்லை என்று பொருள். வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விரைகளும் வீங்கியவர்கள், சிறு வயதில் விரை கீழே இறங்காதவர்கள், அடிபட்டவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள் இதில் வருவார்கள். பிறப்பிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்ட்டர் நிலையும் உண்டு. பிறக்கும் ஆண் குழந்தைகளில் 500 முதல் 1,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தாலும், குழந்தை இல்லை என்று சோதிக்கும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை உண்மையில் தேவை. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் எலும்பு தேயும்.

எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் குறைவாகவோ, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் சாதாரண அளவிலோ இருந்தால் குறை மேலே, மூளைப் பக்கம். பருமன், ஆப்னியா, வலி மாத்திரை எல்லாம் இந்த வகைதான். ஆனால் அவற்றின் தலையில் கட்டுவதற்கு முன் ப்ரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டும் பார்க்க வேண்டும். ப்ரோலாக்டின் தொடர்ந்து அதிகம், தலைவலி, ஓரப் பார்வை மங்கல், அல்லது டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே என்றால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ தேவைப்படும். அங்கே சிறு கட்டி இருந்து ப்ரோலாக்டினைச் சுரந்துகொண்டிருந்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கும், டெஸ்டோஸ்டிரோனும் பல சமயம் தானாக மேலே வரும். காரணம் பார்க்காமல் ஊசி போட்டவருக்கு அந்தக் கட்டி தெரியாமலே வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்தப் படியில் நாளமில்லாச் சுரப்பி நிபுணர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட், வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் மலையிலேயே பல துறைகளைப் பார்க்க முடிகிறது. இதற்கென்று நிபுணர் வேண்டுமென்றால் பலரும் கோயம்புத்தூர்தான் போகிறார்கள். மலை இறங்குவதாக இருந்தால் மேலே சொன்ன ரிப்போர்ட் எல்லாவற்றையும் முடித்து, ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் டெஸ்ட் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்கே ஒரு நாள் போய்விடும்.

படி 6: குழந்தை வேண்டுமா?

இதற்கு ஆம் என்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ இப்போதைக்குக் கூடாது. ஆண்மைக்கான மருந்து என்றால் விந்தணுவும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இறங்கும், விந்தணு உற்பத்தி குறையும், பலருக்குப் பூஜ்ஜியமே ஆகும். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்வரை இழுக்கும். அதே சமயம் இதைக் கருத்தடை என்று நம்பியும் இருந்துவிடாதீர்கள்.

குழந்தை வேண்டும், ஹார்மோனும் குறைவு, குறை மூளைப் பக்கம் என்பவர்களுக்கு ஹெச்சிஜி ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. கல்யாணம் ஆகாத பையனுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தேவைப்பட்டால் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 7: பிசிவி. மலைக்காரர்களுக்கான கணக்கு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு அதைச் சமாளிக்கச் சிவப்பணுக்களைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்துகொள்ளும். எவ்வளவு உயரமோ அவ்வளவு ஏற்றம். டெஸ்டோஸ்டிரோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். அதன் மிகச் சாதாரணமான பக்கவிளைவே ரத்தம் கெட்டியாவதுதான்.

சிபிசி ரிப்போர்ட்டில் பிசிவி அல்லது ஹெமட்டோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம். எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதலில் சிகிச்சைக்கு முன்பே 48-க்கு மேல் இருந்தால் ஆரம்பிக்க வேண்டாம் என்றும், அதிக உயரத்தில் வசிப்பவர்களுக்கு இது 50 என்றும் இருக்கிறது. உயரம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களே, நமக்குச் சலுகை கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். தொடங்கும் இடம் மேலே இருக்கிறது, ஆனால் நிறுத்த வேண்டிய கோடு எல்லோருக்கும் 54-தான். சமவெளிக்காரர் 44-இல் ஆரம்பித்தால் அவருக்குப் பத்துப் புள்ளி இடம் இருக்கிறது. நீங்கள் 49-இல் ஆரம்பித்தால் ஐந்துதான்.

ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் ஆண்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வருடம் நீண்டநாள் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 54-ஐ ஒரு தடவையாவது எட்டினார்கள் அல்லது தாண்டினார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 100-க்கு ஒருவர். உயரத்தில் வசிப்பவர் இதை அலட்சியம் செய்ய முடியாது.

பீடி, சிகரெட், ஆப்னியா இரண்டும் பிசிவியை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே சிலருக்கு 51 என்பது 47-க்கு வரும். ஆகவே 50-ஐ ஒட்டி இருப்பவர் மருந்துக்கு அவசரப்படாமல் காரணத்தைத் தேட வேண்டும். ரிப்போர்ட்டைக் கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டும்போது, "சார், நான் ஊட்டியிலேயே இருக்கிறவன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முகவரியைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்தநோயான சிக்கிள் செல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். சிக்கிள் செல் நோய் உள்ள ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது சாதாரணம். ஆனால் ரத்தம் கெட்டியாவதும், வலியோடு நீண்டநேரம் இறங்காத விறைப்பும் அவர்களுக்கு ஆபத்து. அதனால் அவர்கள் ரத்தநோய் நிபுணர் பார்க்காமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. அவர்களுடைய ஹெச்பிஏ1சி-யும் சரியான அளவைக் காட்டாது.

படி 8: யாருக்குக் கூடாது

புராஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள். கட்டுப்படாத இதயச் செயலிழப்பு. ரத்தம் உறையும் தன்மை அதிகம் உள்ளவர்கள். சிகிச்சை எடுக்காத கடுமையான ஆப்னியா. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து, இரவில் பல முறை எழுந்து அவதிப்படுபவர்கள். புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 4-க்கு மேல் இருந்தாலும், தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்து தனக்கு 3-க்கு மேல் இருந்தாலும், முதலில் யூராலஜிஸ்ட்.

படி 9: எதை எதிர்பார்க்கலாம்

உண்மையில் குறைவு உள்ளவர்களுக்கு ஆசை கூடும். மூன்று முதல் ஆறு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். தசை, கொழுப்பு மாற்றத்துக்கு மூன்று, நான்கு மாதம். எலும்பு அடர்த்திக்கு ஆறு மாதத்துக்கு மேல். 65 வயதைத் தாண்டிய 790 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் தாம்பத்திய விஷயத்தில் ஓரளவு நன்மை இருந்தது, மனநிலையில் கொஞ்சம். அவர்கள் முக்கியமாக எதிர்பார்த்த உடல் சுறுசுறுப்பில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சோர்வு போக வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே ஆசை என்றால் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்வி வெகுகாலம் தொங்கிக்கொண்டிருந்தது. இதயநோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்புள்ள, ஹார்மோன் குறைந்த 5,200 பேருக்கு மேல் சேர்த்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஜெல் போட்டவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத ஜெல் போட்டவர்களில் 7.3. அந்த வகையில் நிம்மதி. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கு தப்புவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதும் மருந்துப் பக்கம் கொஞ்சம் கூடுதல். எலும்பு முறிவுகூடக் கூடியிருந்தது, யாரும் எதிர்பார்க்காதது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த முடிவு ஹார்மோன் குறைந்தவர்களுக்கு, சரியான அளவில் கொடுத்தபோது கிடைத்தது. ஜிம்மில் மூன்று மடங்கு போடுபவர்களுக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் எடை குறைப்புத் திட்டத்தோடு ஊசியும் போட்டவர்களில் இரண்டு வருட முடிவில் சர்க்கரை நோய் 12 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 21. நல்ல செய்திதான், ஆனால் சர்க்கரையைத் தடுப்பதற்காக மட்டும் இதை எடுக்கச் சொல்லி யாரும் பரிந்துரைப்பதில்லை. பிசிவி விலை கொடுத்துத்தான் அது கிடைத்தது.

படி 10: எந்த வடிவம்

இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் 250 மில்லிகிராம் ஊசி விலை குறைவு. போட்ட சில நாளில் அளவு உச்சிக்குப் போகும், கடைசி நாட்களில் தரைக்கு வரும். மனசும் அதோடு ஏறி இறங்கும். பிசிவியை அதிகம் ஏற்றுவதும் இந்த வகைதான். எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் குளிரில் படிகம் கட்டலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் வீடுகளில் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். படிகம் தெரிந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி ஆட்டினால் கரையும், கரையாவிட்டால் போடக்கூடாது.

1,000 மில்லிகிராம் நீண்டநாள் ஊசியில் முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சீராக இருக்கும். கெட்டியான எண்ணெய், இடுப்புத் தசையில் மெதுவாகச் செலுத்த வேண்டும். அபூர்வமாக எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரும். அதனால் ஊசி போட்டதும் பஸ்ஸுக்கு ஓடாமல் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் என்னவாகும் என்பது நமக்குப் புதிதில்லை. ஊசித் தேதி அந்த நேரத்தில் விழுந்தால் டாக்டரைக் கேட்டு முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு இந்த வகையில் இடம் இருக்கிறது.

ஜெல் தினமும் காலையில் தோளிலோ மேல்கையிலோ தடவுவது. பிசிவி மெதுவாக ஏறும், வேண்டாமென்றால் உடனே நிறுத்தலாம். மலையில் பிசிவி மேல்பக்கமாக இருப்பவருக்கு ஜெல்தான் முதலில் யோசிக்கத் தகுந்தது என்பது என் எண்ணம். மாதச் செலவு கூடுதல். ஆனால் அது அடுத்தவர் உடம்பில் ஒட்டும். குளிருக்கு ஒரே கம்பளியில் குழந்தையை அணைத்துத் தூங்கும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. குழந்தைக்கு வயதுக்கு முந்திய பருவ மாற்றங்கள் வரலாம், கர்ப்பிணிக்கும் ஆகாது. தடவி, காயவிட்டு, சட்டை போட்டு, சோப்பால் கை கழுவ வேண்டும். தோலோடு தோல் படுவதற்கு முன் அந்த இடத்தைக் கழுவ வேண்டும். மாத்திரையும் இருக்கிறது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் ஏறும், அப்போதும் அளவு நிலையாக நிற்காது.

நாட்டு மருந்தா என்று கேட்பவர்களுக்கு: சிட்டுக்குருவி லேகியம் முதல் லாட்ஜ் வைத்தியர் தரும் பொட்டலம்வரை எதுவும் உண்மையான ஹார்மோன் குறைவுக்கு மாற்று இல்லை. 'ஆண்மைக்கு' என்று விற்கும் பொடிகளில் விறைப்புக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தின்றால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

படி 11: ஆரம்பித்தபின்

முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன், பிசிவி, பிஎஸ்ஏ, பிரஷர். அப்புறம் குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை. மலையில் முதல் வருடம் பிசிவியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடலாம், சிபிசிக்குப் பெரிய செலவில்லை. ரத்தம் கொடுக்கும் நாள் முக்கியம்: குறுகியகால ஊசியென்றால் இரண்டு ஊசிக்கு நடுவில், நீண்டநாள் ஊசியென்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன், ஜெல்லென்றால் தடவி இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள். எந்த மருந்து, எப்போது போட்டது என்று லேபில் சொல்லி ரிப்போர்ட்டில் எழுத வையுங்கள். அளவு நடுத்தரமாக இருந்தால் போதும், உச்சத்தைத் தொட வேண்டியதில்லை.

பிசிவி 54-ஐத் தாண்டினால் நிறுத்தி, இறங்கும்வரை காத்திருந்து, குறைந்த அளவில் ஆரம்பிப்பதா என்று டாக்டர் பார்ப்பார். ஒரு வருடத்துக்குள் பிஎஸ்ஏ 1.4-க்கு மேல் ஏறினால் யூராலஜிஸ்ட். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

தொடங்கும் முன்பே, எது மாறினால் தொடர்வோம் என்று டாக்டரும் நீங்களும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அளவு சரியான நிலைக்கு வந்தும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அந்த மாற்றம் வரவில்லை என்றால், தொந்தரவுக்குக் காரணம் வேறு. அப்போது டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். நிறுத்தியபின் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள், முன்பைவிடச் சோர்வாக இருக்கும். மூளையின் உத்தரவு மறுபடி தொடங்கும்வரை அப்படித்தான். அந்தச் சோர்வைப் பார்த்து, மருந்து இல்லாமல் இனி வாழ முடியாது என்று பயந்து உடனே மறுபடி ஊசிக்குப் போகாதீர்கள். மூன்று, நான்கு மாதம் கழித்து, காலையில் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுங்கள்.